பொழிக்கரை டிராக்: மணல் குறுக்குவழி வேணுமா, வேண்டாமா?

நீரோடி_ராகேட்
சூப்பர்டக்ஸ்கார்ட்டுங்கற கட்டற்ற கார்ட் பந்தய ஆட்டத்துக்கு நம்ம கடற்கரை ஊர் ஒண்ணை டிராக்கா பிளெண்டர்ங்கற முப்பரிமாண மென்பொருள்ல செஞ்சிட்டு இருக்கோம். நிஜ ஊரை அளந்து எடுக்கல. நீரோடி சந்து, பொழியூர் ரோடு, பூவாறில் நெய்யாறு கடலில் விழுற பொழி (முகத்துவாரம்), இது மூணோட சாயல்தான். ஒரு சுற்று 1,000 மீட்டர்.

சண்டை ஒரே இடத்துல. ஆத்தைத் தாண்ட பாலம் வழியா சுத்தினா 260 மீட்டர். பொழியை அடைச்சுக் கிடக்கிற மணல் திட்டு மேல நேரா போனா 140. மணலை ஓட்டக்கூடியதா விடணும்ங்கறது என் கட்சி. மணல் டெக்ஸ்ச்சருக்கு (மேல ஒட்டுற படம்) மேக்ஸ்-ஸ்பீடு 0.6, அதாவது முழு வேகத்துல 0.6 பங்கு; ஸ்லோடவுன்-டைம், அதாவது அந்த வேகத்துக்கு இறங்குற நேரம், 1 வினாடி. பொழி இருந்தும் அதுல இறங்க முடியலன்னா அது எந்த ஊர் டிராக்காவும் இருக்கலாம்.

பாறசாலை_பிள்ளை
அண்ணா, 0.6 வச்சா பாலத்துல ஒருத்தனும் ஏற மாட்டான். வினாடிக்கு 25 மீட்டர்னு வச்சுக்கிட்டா பாலம் 10.4 வினாடி. மணல்ல முதல் வினாடி 25லேருந்து 15க்கு இறங்குறதால சராசரி 20 மீட்டர் போயிடும். மிச்சம் 120 மீட்டர், 15ல 8 வினாடி. மொத்தம் 9. வெளிய வந்து மறுபடி வேகம் பிடிக்கிறதுக்கு 0.3 வினாடி சேர்த்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேல லாபம், 3 சுற்றுக்கு 3 வினாடி. அது குறுக்குவழி இல்ல, அதுதான் மெயின் ரோடு. பாலத்துக்குப் போட்ட வேலை எல்லாம் வீண்.

என் கட்சி: மணல் முழுக்க ரீசெட். இறங்கினா பறவை தூக்கிட்டு வந்து ரோட்டுல விடட்டும்.

நீரோடி_ராகேட்
அப்போ 0.5 வை. சராசரி 18.75, மிச்சம் 121 மீட்டர் 12.5ல. 10.7 வினாடி வருது, பாலத்தை விட நஷ்டம். நைட்ரோ (கொஞ்ச நேரம் வேகம் ஏத்துற எரிபொருள்) கையில இருக்கிறவனுக்கு மட்டும் லாபம். கணக்கு பார்த்து ஓட்டறவனுக்கு அதுதான் பரிசு. ரீசெட் போட்டா அந்த யோசனையே அடிபட்டுப் போவுது.

குழித்துறை_அக்கா
ரெண்டு பேரும் வேகத்தை மட்டும் பேசுறீங்க. இப்ப இருக்கிற ஃபைல்ல மணல் வழியா போனா சுற்றே எண்ணிக்கைக்கு வராது. செக்லைன் (சுற்று எண்ணணும்னா தாண்டியே ஆகவேண்டிய கோடு) பாலத்து நடுவுல நிக்குது. மணல்ல போறவன் அதைத் தொடவே மாட்டான், தொடாததால லேப்-லைன் (சுற்றை எண்ணுற கோடு) உயிர் பெறாது. பாலத்துச் செக்லைனை எடுத்துட்டு, பிரியறதுக்கு முன்னால ஒண்ணு, ரெண்டு வழியும் சேர்ந்த பிறகு ஒண்ணு வையுங்க. முதல் கோட்டோட ஆக்டிவேட் இடத்துல ரெண்டாவது கோட்டுப் பெயர், ரெண்டாவதுல லேப்-லைன் பெயர்.

அடுத்தது, மணலுக்குத் தனி டிரைவ்லைன் (ஓடுற பாதையை ஆட்டத்துக்குக் காட்டுற வலை) கண்டிப்பா வேணும். இல்லன்னா மணல்ல சிக்கினவனை எங்க இறக்கணும்னு ஆட்டத்துக்குத் தெரியாது, பக்கத்துல எந்தக் கட்டம் இருக்கோ அங்க விட்டுடும். பாலம் பக்கத்துல இருந்தா இலவசமா பாலத்து மேல ஏத்திவிடும். ஏணி மாதிரி வலை, தொடக்கத்துல ரெண்டு கொம்பு நீட்டணும். திசை அந்தக் கொம்பை வச்சுத்தான். கொம்பு தப்பான முனையில இருந்தா வழியே தலைகீழாயிடும்.

பாறசாலை_பிள்ளை
செக்லைன் விஷயம் சரி அக்கா. அப்போ ஏஐ கார்ட்டுகள் (கம்ப்யூட்டர் ஓட்டுறது) அந்த டிரைவ்லைனைப் பிடிச்சு மணல்ல இறங்குமே?

குழித்துறை_அக்கா
'ஏஐ தவிர்க்கட்டும்'னு குறி போட்டா இறங்காது. ஆனா அப்புறம் தனியா ஆடுறவனுக்கு மட்டும் ஒரு ரகசிய வழி கிடைச்ச மாதிரி ஆயிடும். 0.5ல விட்டா அது பெரிய அநியாயம் இல்ல. 0.6ல விட்டா அநியாயம்தான்.

கொல்லங்கோடு_7
நீங்க மணல்லேயே நிக்கிறீங்க, ஊர்ச் சந்துகளைப் பாருங்க மக்கா. நிண்டெண்டோவோட மரியோ கார்ட் டிஎஸ் (2005) ஆட்டத்துல வர்ற டெல்ஃபினோ ஸ்கொயர் டிராக் நிலைச்சதுக்கு அதோட சந்துகள் ஒரு பெரிய காரணம்னு நினைக்கிறேன். இங்க சந்து அகலம் 5 மீட்டர், மூலை செங்கோணம். சுவரோட டிரைவ்லைன் ஒட்டியிருக்கு, ஏஐ மூலையில முட்டி நிக்குது. மூலைச் சுவரை 2 மீட்டர் சாய்வா வெட்டுங்க, டிரைவ்லைனைச் சுவர்லேருந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளுங்க, சந்தோட அகலத்தை 8 மீட்டராக்குங்க. வீட்டுத் திண்ணையை வெட்டினாலும் பரவாயில்ல.

இன்னொண்ணு தூண்டில் வளைவு (அலைத் தடுப்பு). நட்சத்திரக் கான்கிரீட் கட்டை ஒவ்வொண்ணும் நுணுக்கமான வலை, அதுல நேரடி மோதல் வச்சிருக்கீங்க. சக்கரம் ரெண்டு கட்டைக்கு நடுவுல விழுந்தா கார்ட் துள்ளி வானத்துக்குப் போவுது. கட்டைகளை மோதாத பொருளா மாத்திட்டு, முன்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வுச் சுவர் வையுங்க. ஸ்பீடு பிரேக்கரும் அதே மாதிரி. மேடாக் கட்டாதீங்க, படமா வரைஞ்சா போதும்.

நீரோடி_ராகேட்
சந்து, கட்டை ரெண்டும் ஒத்துக்கறேன். மணல்ல விடமாட்டேன். இப்படிச் செய்யலாமே: இடவப்பாதி மழையில பொழி உடையுதில்லையா, அதே மாதிரி தண்ணி ஏறி இறங்கட்டும். மரியோ கார்ட் டபுள் டேஷ் (2003) ஆட்டத்துல பீச் பீச் டிராக்குல அலை முன்னும் பின்னும் வருதே. தண்ணி இறங்கின 15 வினாடி மணல் திறப்பு, ஏறின 15 வினாடி அடைப்பு.

பாறசாலை_பிள்ளை
அழகான யோசனை, ஆனா இந்த எஞ்சின்ல அவ்வளவு லேசு இல்ல. வேகக் குறைப்பு டெக்ஸ்ச்சரோட ஒட்டினது. மேல தண்ணிப் பரப்பு ஏறினாலும் அடியில மணல் அதே 0.5தான். தண்ணிக்கு சர்ஃபேஸ்னும் மணலுக்கு பிலோ-சர்ஃபேஸ்னும் குறி போட்டா தெறிப்பு வரும், வேகம் மாறாது. அடைக்கணும்னா 'தொட்டா ரீசெட்'னு வச்ச ஒரு நகரும் பலகையைத் தண்ணியோட சேர்த்து ஏத்தி இறக்கணும். பாதி ஏறும்போது ஓரத்துல நிக்கிற கார்ட்டையும் அது தூக்கிடும். ஓட்டறவன் கண்ணுக்குத் தண்ணி கணுக்கால் அளவுதான் தெரியும், பறவை தூக்கிட்டுப் போயிடும். அதை யாரும் மன்னிக்க மாட்டாங்க.

குழித்துறை_அக்கா
அதுக்கு வழி இருக்கு. பலகை தண்ணிக்கு அரை மீட்டர் கீழ இருக்கட்டும், தண்ணி முழுக்க ஏறின பிறகுதான் மணலைத் தாண்டும். தண்ணி ஏறத் தொடங்கினதும் கரையில ஒரு சிவப்புக் கொடி எழும்பட்டும். நம்ம ஊர்ல கடல் சீறினா கொடி கட்டறதுதானே, ஆடுறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல.

பாறசாலை_பிள்ளை
கொடி சரி. ஆனாலும் ஸ்லோடவுன்-டைம் 1 வினாடி அதிகம் அக்கா. அந்த முதல் வினாடி சும்மா கிடைக்கிற வேகம். அரை வினாடியாக்குங்க. அப்போ மணல் கிட்டத்தட்ட 11 வினாடி. வெளிய 12.5லேருந்து 25க்கு ஏற 2 வினாடின்னா இன்னொரு அரை வினாடி. 11.5 வந்தா எனக்கு ஆட்சேபம் பாதி போச்சு. பெரிய நைட்ரோ ரெண்டையும் பாலத்து மேல வையுங்க, மணல் பக்கம் ஒண்ணும் வேண்டாம்.

நீரோடி_ராகேட்
தம்பி, நைட்ரோ பாலத்துலன்னா அதை எடுக்க முந்தின சுற்றுல பாலம் ஏறியிருக்கணும். அதை ஏத்துக்கறேன், அது நல்லாவே இருக்கு. ஆனா 11.5ன்னா நைட்ரோ வச்சவனுக்கும் மணல்ல லாபம் நிக்காது. 0.55, அரை வினாடி, அதுக்கு மேல இறங்க மாட்டேன்.

கொல்லங்கோடு_7
ரெண்டையும் ரெண்டு ஃபைலா போடுங்க. நைட்ரோ இல்லாம 3 சுற்று, நைட்ரோவோட 3 சுற்று, டைம் டிரையல்ல (தனியா நேரத்தோட போட்டி). ஒரே கார்ட்டுல ஓட்டுங்க, எடை மாறினா கணக்கும் மாறும். அப்புறம் கடைப் பலகையில தமிழும் மலையாளமும் எழுதினது நல்லா இருக்கு, ஆனா அந்த எழுத்துரு எந்த உரிமத்துல வந்ததுன்னு பார்த்துட்டு ஏத்துங்க. கட்டற்ற உரிமம் இல்லன்னா ஆட்-ஆன் தளத்துல டிராக்கை எடுக்க மாட்டாங்க.