சித்தப்பாவுக்கு பராமரிப்பு உதவித்தொகை - தஞ்சாவூர்ல வாங்குனவங்க சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம்ங்க, நாங்க பாபநாசம் பக்கம். சித்தப்பா தென்னை மரத்துலேருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடிபட்டு இடுப்புக்கு கீழ அசைவே இல்ல, யூடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பாதிப்பு 80 சதவீதம்னு போட்ருக்காங்க. 75க்கு மேல இருந்தா மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதுக்கு தஞ்சாவூர்ல மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறோம். கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தாச்சு, விஏஓகிட்ட தனியா ஏதும் சான்று வாங்கணுமா?

முக்கியமா கேக்க வந்தது, அவரை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்வாங்களா, ஏன்னா அவரால கொஞ்ச நேரத்துக்கு மேல உக்கார முடியாது, படுக்கைப்புண்ணு இப்பதான் ஆறிட்டு வருது, பஸ்ல ஏத்தவே முடியாது, கார் வச்சா வாடகையே பெருசா வந்துரும், சித்தி நடவுக்குப் போற கூலிலதான் வீடு ஓடுது. சித்தி மட்டும் போய் குடுத்தா வாங்கிக்குவாங்களா? தாலுகா ஆபீஸ் பென்ஷனுக்கும் சேத்து எழுதிப் போட்டா இது தட்டிப்போயிருமோன்னு பயமா இருக்கு. திங்கக்கிழமை மனுநாள்ல குடுக்குறது நல்லதா, இல்ல கூட்டமில்லாத நாளா பாத்துப் போகலாமா? வாங்கிட்டு இருக்குறவங்க யாராச்சும் விவரமா சொல்லுங்க, அறுவடைக்கு முன்னாடி குடுத்துரணும்னு சித்தி தவிக்கிறாங்க.