அரிசோனாவின் பா-யூட் கவுண்டி: அங்கே பதவியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

வரைபடப்பிரியை:
வணக்கம். பழைய வரைபடங்களின் படிகளைச் சேர்த்துவைப்பது என் பழக்கம். 1860-களின் கடைசியில் வந்த அரிசோனா வரைபடம் ஒன்று கைக்குக் கிடைத்தது. இன்று லாஸ் வேகாஸ் இருக்கும் இடம் அதில் அரிசோனாவுக்குள் கிடக்கிறது. அந்த மூலையில் ‘பா-யூட்’ என்று ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரியான பிரிவு) பெயர். இன்றைய அரிசோனாவில் 15 கவுண்டிகள் இருக்கின்றன, இந்தப் பெயரில் ஒன்றுகூட இல்லை. எல்லை மாறியிருக்கும், அது புரிகிறது. எனக்கு அதைவிட அந்த மனிதர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை. அங்கிருந்து தேர்வாகிச் சட்டமன்றம் போனவர்கள் யார்? கவுண்டியே போனதும் அவர்கள் கதி என்ன? அங்கே குடியிருந்தவர்கள் யாருக்கு வரி கட்டினார்கள்?

மணல்மேடு:
நெவாடாவில் பஹ்ரனகட் பள்ளத்தாக்குப் பக்கம் 1865-ல் வெள்ளி கிடைத்தது. சுரங்கப் பகுதி எல்லாம் தன் கையில் வேண்டும் என்று நெவாடா கேட்டது. 1866 மே 5 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டுக் கொலராடோ ஆற்றுக்கு மேற்கே இருந்த பகுதியை நெவாடாவுக்குக் கொடுத்துவிட்டது. அதோடு பா-யூட் கவுண்டியின் கதை முடிந்தது.

சங்கிலிக்காரன்:
மணல்மேடு சொன்ன காரணமும் தேதியும் சரி. ஆனால் கதை அதோடு முடியவில்லை, அம்மா. நீங்கள் கேட்ட விஷயமே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. முப்பது வருஷம் நில அளவையில் இருந்தவன் நான். காகிதத்தில் கோடு மாறிய நாள் ஒன்று, ஊர்க்காரனுக்கு அது உறைக்கிற நாள் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஓடிய ஐந்து வருஷம்தான் பா-யூட் கவுண்டியின் வரலாறு.

அரிசோனா அப்போது மாநிலம் இல்லை, மத்திய அரசின் கீழிருந்த பிரதேசம். 1864-ல் நான்கு கவுண்டிகளோடு தொடங்கியது. 1865 டிசம்பரில் மொஹாவி கவுண்டியைப் பிரித்து ஐந்தாவதாக பா-யூட்டை உண்டாக்கினார்கள். அதற்கு முன்னின்றவர் ஆக்டேவியஸ் கேஸ். லாஸ் வேகாஸில் மார்மன்கள் (யூட்டாவில் குடியேறியிருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) கட்டிவிட்டுப் போன மண்கோட்டையைப் பிடித்துப் பண்ணை வைத்திருந்தவர். தலைமையிடம் கால்வில். கடல்வழி வரும் சரக்கை ஆற்றில் நீராவிப் படகேற்றி யூட்டாவுக்குக் கொண்டுபோகலாம் என்று நம்பி 1864 டிசம்பரில் ஆன்சன் கால் என்பவர் கொலராடோ கரையில் கிடங்கு கட்டிய இடம் அது. பக்கத்திலேயே மடி ஆற்றங்கரையில் 1865 ஜனவரியில் மார்மன் குடும்பங்கள் வந்து செயின்ட் தாமஸ் என்ற ஊரைப் போட்டன. பருத்தியும் தானியமும் விளைத்தார்கள்.

1866-ல் காங்கிரஸ் சட்டம் வந்தது. 1867 ஜனவரியில் நெவாடா சட்டமன்றம் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்றது. அரிசோனா மட்டும் விடவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாஷிங்டனுக்கு மனு மேல் மனுவாக அனுப்பியது. பிரதேசம் என்பதால் காங்கிரஸில் அதற்கு ஓட்டே கிடையாது. நெவாடாவோ 1864-லேயே மாநிலமாகி இரண்டு செனட்டர்களை வைத்திருந்தது. இது நியாயமான போட்டியே இல்லை என்பதுதான் என் எண்ணம். அத்தனைக்கும் பிறகு 1867 அக்டோபரில் பா-யூட்டின் தலைமையிடத்தைக் கால்விலிலிருந்து செயின்ட் தாமஸுக்கு மாற்றினார்கள்! நெவாடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட நிலத்தில், அரிசோனா கவுண்டியின் தலைமையிடம். அதே வருஷம் அரிசோனா மேலவைக்குத் தலைவராக இருந்தவரும் இந்த கேஸ்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1868-ல் வருகிறது. அதற்கு முந்தைய வருஷம் தலைநகரம் பிரெஸ்காட்டிலிருந்து டூசானுக்குப் போய்விட்டது. பா-யூட்டின் உறுப்பினர்கள் இருவர், கேஸும் செயின்ட் தாமஸ்காரரான ஆண்ட்ரூ கிப்பன்ஸும். கூட்டத்தொடருக்கு எப்படிப் போவது? கால்வில் கரையில் ஒரு சின்னப் படகை இறக்கி இருவரும் ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்திலேயே பிளாக் கேன்யன். இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கரும்பாறை, நடுவே வேகம் பிடித்து ஓடும் தண்ணீர், வேண்டாம் என்றால் ஒதுங்கி நிற்கக்கூட வசதியான கரை கிடையாது. அதைத் தாண்டி யூமா வரை ஏறத்தாழ 400 மைல் ஆற்றோடு போய், பிறகு பாலைவனம் வழியாகத் தரைமார்க்கமாக டூசான். காங்கிரஸ் இரண்டு வருஷம் முன்பே அடித்துவிட்ட கவுண்டிக்காக இந்தப் பயணம். தங்களை அனுப்பிய மக்களுக்கு அங்கே ஒரு குரல் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். நான் மதிக்கிறேன்.

வரைபடப்பிரியை:
ஐயா, படகில் போனார்கள் என்பதைப் படித்ததும் வரைபடத்தில் ஆற்றின் கோட்டை விரலால் யூமா வரை தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தேன். மிக்க நன்றி. வரி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

சங்கிலிக்காரன்:
வரிதான் அந்த ஊரையே காலி செய்தது. யூட்டாவின் தெற்கு எல்லையான 37-வது அட்சரேகை வடக்கே தரையில் எங்கே ஓடுகிறது என்று யாரும் அளந்து கல் நடவில்லை. மடி ஆற்றுக் குடியிருப்பு தன்னுடையது என்று எண்ணிய யூட்டா, 1869-ல் ரியோ வர்ஜின் என்று ஒரு கவுண்டியை அறிவித்தது. நெவாடாவின் லிங்கன் கவுண்டியும் வரி கேட்டது. ஒரே வயலுக்கு மூன்று அரசுகள்.

1870-ல் அளந்து பார்த்ததில் ஊர் நெவாடாவில் இருப்பது உறுதியாயிற்று. யூட்டா, தானியமாகக் கொடுத்தாலும் வரியாக வாங்கிக்கொள்ளும். நெவாடா பழைய பாக்கியையும் சேர்த்து நாணயமாகக் கேட்டது, பொன்னும் வெள்ளியுமாக. பருத்தி விளைவிக்கிறவன் பொற்காசுக்கு எங்கே போவான்? 1870 டிசம்பரில் ஊர் கூடி, போய்விடுவது என்று முடிவெடுத்தது. டேனியல் பொனெல்லியின் குடும்பம் மட்டும் இருந்துகொண்டது. 1871 பிப்ரவரியில் மற்றவர்கள் ஆறு வருஷம் வாய்க்கால் வெட்டிப் பண்படுத்திய நிலத்தை விட்டுவிட்டு யூட்டாவின் லாங் வேலிக்கு வண்டி கட்டினார்கள். அதே பிப்ரவரியில்தான் அரிசோனா சட்டமன்றமும் பா-யூட் சட்டத்தை ரத்து செய்து, தன் பக்கம் மிஞ்சிய துண்டை மொஹாவியோடு திரும்பச் சேர்த்தது.

கிப்பன்ஸ் பின்னாளில் மறுபடி அரிசோனாவுக்கே வந்து செயின்ட் ஜான்ஸில் குடியேறினார். கேஸ் தன் பண்ணையில் இருந்தபடியே நெவாடாக்காரர் ஆனார். 1879-ல் ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட்டிடம் 5,000 டாலர் கடன் வாங்கி, திருப்ப முடியாமல் நிலத்தை இழந்தார். 1905-ல் மனை ஏலம் போட்டு லாஸ் வேகாஸ் நகரம் தொடங்கியபோது அந்தப் பண்ணை ரயில்வேயின் கையில் இருந்தது.

உப்புக்காற்று:
நான் செயின்ட் தாமஸுக்கு நடந்து போயிருக்கிறேன். ஹூவர் அணை கட்டியபின் மீட் ஏரி பெருகி 1938-ல் ஊரை மூழ்கடித்தது. 2002-க்குப் பிறகு தண்ணீர் வற்றி, ஊர் வெளியே வந்துவிட்டது. மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், காலடியில் சிப்பி ஓடுகள் நொறுங்கும். பாலைவனத்தின் நடுவே சிப்பி! தலைக்கு மேல் உயர்ந்த உப்புச்சவுக்குப் புதர்கள், நடுவில் ஒரு படிக்கட்டு. ஏறினால் மேலே வீடு இல்லை, வானம்தான். இப்போது தெரியும் கான்கிரீட் எல்லாம் மார்மன்கள் போனபிறகு வளர்ந்த ஊருடையது. பா-யூட் காலத்து மண்சுவர்களைத் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தத் தரையில் நின்று ஆறு எந்தப் பக்கம் என்று பார்க்கும்போது, இங்கே ஒரு கவுண்டியின் தலைமையிடம் இருந்தது என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைத்தது. கால்வில் இன்னும் ஏரிக்கடியில்தான் கிடக்கிறது.

வரைபடப்பிரியை:
அடுத்த குளிர்காலத்தில் கண்டிப்பாகப் போகிறேன். கடைசியாக ஒன்று: என் படியில் ஓரம் கிழிந்து வருஷம் போய்விட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்கிலிக்காரன்:
தலைமையிடத்துக்குத் தனிக் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அம்மா. கால்வில் மேல் இருந்தால் 1867 அக்டோபருக்கு முந்தைய நிலவரம், செயின்ட் தாமஸ் மேல் இருந்தால் அதற்குப் பிந்தையது. அப்புறம் மடி ஆற்றுப் பக்கம் ரியோ வர்ஜின் என்பது கவுண்டியின் பெயராகத் தென்பட்டால், 1869-க்கு முன்னால் வரைந்திருக்கவே முடியாது. அதே பெயரில் ஓர் ஆறும் உண்டு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அந்தக் காலத்து எழுத்து பொடிசாக இருக்கும்.