ஒன்ராறியோவில் சம்பள வழக்குத் தீர்ப்புகளை எப்படி வாசிப்பது?

ஊபர் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் சாரதிகளைத் தொழிலாளர்களாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே தமக்கும் குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறைப் பணமும் தானாகவே கிடைக்கும் என்று புதிதாக வந்த நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. 2020 ஜூன் 26 அன்று வெளியான ஊபர் எதிர் ஹெல்லர் தீர்ப்பில், பிணக்கு எதுவானாலும் அதை நெதர்லாந்து நடுவர் மன்றத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும், அதைத் தொடங்கவே ஏறத்தாழ 14,500 அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லுமா என்பதே கேள்வியாக இருந்தது. ரொறன்ரோவில் உணவு விநியோகம் செய்து வாரம் 400 முதல் 600 டொலர் வரை உழைத்த ஹெல்லருக்கு அது நீதியின் கதவையே அடைப்பதாகும் என்பதால், நிபந்தனை செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். அவர் தொழிலாளரா என்ற கேள்வியை அவர்கள் தீர்க்கவே இல்லை.

எனவே எந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தாலும், யார் வென்றார் என்பதற்கு முன்னர், நீதிமன்றம் எந்தக் கேள்விக்கு விடையளித்தது என்று பாருங்கள். கேன்லீ (CanLII) இணையத்தளத்தில் தீர்ப்புகளை இலவசமாக வாசிக்கலாம்.

தொழிலாளரா, சுயதொழில் செய்பவரா என்பதற்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு வழங்கிய சாகாஸ் தீர்ப்பே இன்றும் அடிப்படை. உங்கள் வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, உதவியாளரை நீங்களே அமர்த்தலாமா, இலாப நட்டம் யாரைச் சேரும் என்பவற்றை நீதிமன்றம் ஒன்றாக வைத்து எடைபோடும். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் ‘ஒப்பந்தக்காரர்’ என்று இருப்பது மட்டும் முடிவாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ‘சார்ந்த ஒப்பந்தக்காரர்’ என்ற வகையும் உண்டு. அவருக்கு வேலைநீக்க அறிவித்தல் காலத்துக்கான பணம் கிடைத்த தீர்ப்பை வைத்து, மேலதிக நேர ஊதியமும் கிடைக்கும் என்று கருதிவிடக் கூடாது.

தொழிலாளரை ஒப்பந்தக்காரர் என்று தவறாக வகைப்படுத்துவதை ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டம் 2017 முதல் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஆனால் ஒருவர் தொழிலாளர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளிமேல் வைத்த பிரிவு 2019 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2018இல் எழுதப்பட்ட வழிகாட்டல்களை அப்படியே பின்பற்றாதீர்கள். வேலை செய்த மணிநேரம், அனுப்பப்பட்ட கட்டளைகள், வங்கிக்கு வந்த தொகை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பதிந்து வையுங்கள்.

சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சில் கட்டணமின்றி முறையிடலாம். முறையிட்டதற்காக உங்களைத் தண்டிப்பது சட்டவிரோதம் என்பதால், அஞ்சி அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். ஆயினும் அமைச்சில் முறையிட்ட அதே சம்பளப் பாக்கிக்காக நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது. மனம் மாறினால் முறைப்பாட்டை 2 வாரங்களுக்குள் மீளப் பெற வேண்டும். ஆகவே பெருந்தொகை சம்பந்தப்பட்டிருந்தால், படிவத்தை அனுப்புவதற்கு முன்னரே உங்கள் பகுதியின் இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.