உறைகுளிரில் காற்றோட்ட அளவி: சூடேற்றுவதா, உலர்த்துவதா?

கீழக்கரையான்:
விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். கசகஸ்தானுக்குத் திரும்பியதும், குளிர்காலத்துக்கு முந்தைய பராமரிப்புப் பரிந்துரையை எழுத வேண்டும். பாய்லரில் எரிபொருள் எரியத் தேவையான எரிகாற்றை, அது வரும் பெரிய காற்றுக்குழாயான டக்டில் உள்ள பிட்டோ வகை அளவி (இரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டிலிருந்து காற்றோட்டத்தைக் கணக்கிடுவது) அளக்கிறது. அதன் இரண்டு அழுத்தங்களையும் மெல்லிய இம்பல்ஸ் குழாய்கள், அழுத்தத்தை மின்சமிக்ஞையாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுவருகின்றன. வெளியே மைனஸ் 25 டிகிரிக்குப் போகும்போது அக்குழாய்களில் தங்கிய நீர் உறைந்துவிடுகிறது. அதன் பிறகு டிரான்ஸ்மிட்டர் காட்டுவது, காற்றோட்டத்தை அல்ல, அடைபட்ட குழாய்க்குள் சிக்கிக்கொண்ட பழைய அழுத்தத்தை. குழாய் முழுவதற்கும் மின் ஹீட் டிரேசிங் (குழாயோடு ஒட்டி ஓடும் சூடேற்றும் நாடா), அதன்மேல் இன்சுலேஷன், டிரான்ஸ்மிட்டருக்குச் சூடேற்றிய பெட்டி ஆகிய மூன்றும் போதும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வேதாளை:
மறுக்கிறேன், தம்பி. சூடு நீரை வெளியேற்றுவதில்லை. உறையவிடாமல் குழாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. டிரேசிங் சுற்று ஒன்று செத்துப்போனால் கோடையில் அது யாருக்கும் தெரியாது, முதல் கடுங்குளிர் இரவில்தான் தெரியும். 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சாஸிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் மின் நிலையங்கள் வரிசையாக நின்றதை ஆராய்ந்த அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள், திட்டமிடாத நிறுத்தங்களிலும் உற்பத்திக் குறைவுகளிலும் 44.2 சதவீதத்துக்கு உறைதலையே காரணமாகக் காட்டின. இம்பல்ஸ் குழாய்களும் டிரான்ஸ்மிட்டர்களும் அந்தப் பட்டியலில் முக்கிய இடம் பெற்றிருந்தன. உலர்ந்த இன்ஸ்ட்ருமென்ட் ஏரை (கருவிகளுக்கென ஆலையில் வைத்திருக்கும் அழுத்தக்காற்றை) இரண்டு குழாய்களிலும் சிறு அளவில் தொடர்ந்து டக்டை நோக்கிச் செலுத்தினால் ஈரம் உள்ளே வரவே வழியில்லை. வராத நீர் உறையாது.

கீழக்கரையான்:
காக்கா (அண்ணே), கணக்கைப் பாருங்கள். டக்டில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் பிட்டோ தரும் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 60 பாஸ்கல்தான். நீர்மட்டத்தில் சொன்னால் 6 மில்லிமீட்டர். நீங்கள் செலுத்தும் உலர்காற்று ஒரு குழாயில் சற்றுக் கூடுதலாக ஓடி 6 பாஸ்கல் வித்தியாசம் உண்டாக்கினாலே, காற்றோட்டக் கணக்கில் 5 சதவீதம் பிழை வந்துவிடும். எரிகாற்றில் 5 சதவீதம் சிறிய பிழை அன்று. மேலும், அந்தக் காற்றை உலர்த்தும் டிரையர் கெட்டால் என்ன செய்வது? ஒரு டிரேசிங் சுற்று செத்தால் ஓர் அளவிதான் போகும். டிரையர் கெட்டு ஈரக்காற்று வந்தாலோ, ஆலையின் எல்லாக் குழாய்களுக்கும் நாமே நீரை ஊற்றியது போலாகும்.

பாம்பன் கரை:
இருவருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மைனஸ் 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு கிராம் நீராவிகூட இருக்க முடியாது. நம் கரையில் 30 டிகிரியில் அது 30 கிராம் வரை போகும். ஆகவே வெறும் குளிர்காற்று குழாயை நிரப்பியிருக்காது. விசிறி பனித்தூளையும் சேர்த்து இழுக்கிறது, அது முன்சூடாக்கியில் உருகி ஆவியாகிறது, அந்த ஆவி குளிர்ந்த இம்பல்ஸ் குழாயில் படிந்து உறைகிறது. அல்லது முன்சூடாக்கியின் நீராவிச் சுருளில் கசிவு இருக்கிறது. அல்லது இலையுதிர்காலத்து நீர் குழாயின் பள்ளத்தில் தங்கியிருக்கிறது. மூன்றாவதுதான் காரணம் என்றால் மருந்து எளிது. டிரான்ஸ்மிட்டரை டக்டுக்கு மேலே வைத்து, 12க்கு 1 என்ற சரிவில் பள்ளமின்றிக் குழாயை இறக்கினால் நீர் தானாக டக்டுக்கே வழிந்துவிடும். படியேறிப் பார்க்கச் சோம்பல்பட்டு டிரான்ஸ்மிட்டரைக் கைக்கெட்டும் உயரத்தில், டக்டுக்குக் கீழே மாட்டும் வழக்கத்தை எத்தனை ஆலைகளில்தான் பார்ப்பது! பாம்பன் பாலத்துக் காற்றுமானி மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கச் சொல்கிறது. அதற்கு எதிரி உப்பும் துருவும்தான், உறைபனி நம் ஐஸ் கம்பெனிகளுக்கு வெளியே கிடையாது. ஆனால் ஈரம் தங்க இடம் கொடுக்காதே என்ற விதி இரண்டு ஊர்க் கருவிகளுக்கும் ஒன்றேதான்.

வேதாளை:
சரிவை ஏற்கிறேன், ஆனால் படிந்த இடத்திலேயே உறையும் ஆவி வழிந்தோடாது. தம்பியின் 60 பாஸ்கலை அவருடைய வழிக்கே திருப்பிக் காட்டுகிறேன். இரண்டு இம்பல்ஸ் குழாய்களும் 5 மீட்டர் உயரம் ஏறுகின்றன என்று வையுங்கள். ஒன்றின் டிரேசிங் வேலை செய்து உள்காற்று 15 டிகிரியிலும், மற்றதன் டிரேசிங் செத்து மைனஸ் 25 டிகிரியிலும் இருந்தால், காற்றின் அடர்த்தி வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ 10 பாஸ்கல் பிழையைத் தரும். உறையாமலே பொய் சொல்லும் அளவி அது. டிரேசிங் போட்டே தீர வேண்டுமென்றால் இரண்டு குழாய்களையும் ஒரே நாடாவோடு, ஒரே இன்சுலேஷனுக்குள் சேர்த்துக் கட்டுங்கள். டிரையர் பற்றிய அச்சம் நியாயமானதே. குளிர்விப்பு வகை டிரையர் பிளஸ் 3 டிகிரி டியூ பாயிண்டுக்குக் (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போகாது, அங்கே அது பயனற்றது. மைனஸ் 40 டிகிரி தரும் உறிஞ்சு வகைதான் வேண்டும், அதன் வெளிவழியில் டியூ பாயிண்ட் அளவியும் எச்சரிக்கை மணியும் வேண்டும்.

மண்டபம் பொறியாளர்:
ஒரு குறுக்கீடு. நாடா எந்த வகை? தானே வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை இல்லையென்றால் வெயில் நாளில் பெட்டி கொதித்துவிடும்; பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களின் மின்னணுப் பகுதிக்கு 85 டிகிரியே எல்லை. நமக்கு வேண்டியது 5 முதல் 10 டிகிரிதான்.

கீழக்கரையான்:
தானே குறைத்துக்கொள்ளும் வகைதான். வேதாளை காக்கா சொன்ன 10 பாஸ்கலை மறுக்க முடியவில்லை. ஒரே கட்டு என்பதைப் பரிந்துரையில் சேர்க்கிறேன். ஒவ்வொரு டிரேசிங் சுற்றுக்கும் மின்னோட்டம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கையையும் கேட்கப் போகிறேன். அப்போது செத்த சுற்று கோடையிலேயே தெரிந்துவிடும். ஆனால் தொடர்ந்து உலர்காற்றுச் செலுத்துவதை இன்னும் ஏற்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தால் போதாதா?

வேதாளை:
ஊதுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை வால்வால் தனிமைப்படுத்தாவிட்டால் 250 பாஸ்கல் வீச்சுள்ள கருவியின் மேல் 5 பார், அதாவது 5 லட்சம் பாஸ்கல் அழுத்தம் போய் விழும். ஊதும் நேரத்தில் அளவு நின்றுபோகும். அதைப் பார்த்து பாய்லர் காற்று இல்லையென்று டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். அங்கே ஒரே டிரான்ஸ்மிட்டர்தான் இருக்கிறதா, மூன்றா? மூன்று இருந்தால் ஒவ்வொன்றாக ஊதலாம். ஒன்றுதான் என்றால் நான் தொடர்ச்சியான உலர்காற்றையே சொல்வேன், உங்கள் 5 சதவீதப் பிழையை, உலர்காற்று ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அளவீடு செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கீழக்கரையான்:
இரண்டு இருக்கின்றன. மூன்றாவதற்கு டக்டில் துளையிட வேண்டும், அதற்குப் பாய்லரை நிறுத்த வேண்டும். செப்டம்பர் நிறுத்தத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.