தூக்கத்துக்கு மூலிகை எடுத்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

ராக்கோழி:
ஜாதிக்காய் என்றாலே 'ஒரு சிட்டிகை போதும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சிட்டிகைக்கு மசியாத தூக்கத்தை என்ன செய்வது என்பதை என் மாமனார் தாமாகவே முடிவு செய்தார். முழுக் காயையும் உரசிப் பாலில் கலந்து குடித்துவிட்டுப் படுத்தார். ஒன்றும் ஆகவில்லை. "இதுவும் ஏமாற்றுதான்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நள்ளிரவு தாண்டி எழுந்து வந்து கூடத்தில் நின்றார். முகம் சிவந்திருந்தது, வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. குனிந்து தம் கால்களையே வெகுநேரம் பார்த்தவர், "இது யார் காலம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

அவசரப் பிரிவில் டாக்டர் விதவிதமாகக் கேட்டும் "நான் மாத்திரையே தொடுவதில்லை" என்பதுதான் அவர் பதில். ஜாதிக்காய் என்ற பேச்சு வருவதற்குள் ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது. ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள்தான் காரணம், 5 கிராம் அளவிலேயே நஞ்சாகலாம், அறிகுறி தெரியச் சில மணி நேரம் ஆகும் என்று பிறகு சொன்னார்கள். வேலை செய்யவில்லை என்று நினைத்து அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் உரசிக் குடிக்க எத்தனை பேருக்குக் கை போகும்! அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பூனைவளர்ப்பவள்:
வலேரியன் வேர் கேப்ஸ்யூல். வாங்கியவர்களுக்குத் தெரியும், பாட்டில் மூடியைத் திறந்ததும் ஊறிய காலுறை வாடை. ஐசோவலேரிக் அமிலமாம்; வியர்த்த பாதத்தில் வருவதும் அதேதானாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். தூக்கம் வந்ததா என்று கேட்டால் கனவு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் அப்படித் துல்லியம். இறந்துபோன என் அத்தை துணி மடித்தபடியே என்னிடம் கணக்குக் கேட்டார். எழுந்த பிறகும் அந்தக் கணக்கு சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னைவிட அதிகம் பலன் கண்டது எங்கள் பூனை. ஒருநாள் விடிகாலை சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அலமாரியிலிருந்து பாட்டிலைத் தள்ளிவிட்டு, சிதறிய கேப்ஸ்யூல்களின் மேல் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. வலேரியன் வாடை பூனைகளைக் கிறங்க வைக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். வீட்டில் பூனை இருப்பவர்கள் பூட்டி வையுங்கள்.

மூலிகைப்பித்தன்:
ராக்கோழி அம்மா, முழுக் காயை உரசிக் குடித்தால் ஜாதிக்காய் என்ன செய்யும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. உங்கள் மாமனார் கதையைச் சொல்லி நல்ல பொருளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

என் அனுபவம் சுருக்கமாக: அமுக்கரா சூரணம் எடுத்தேன், சில வாரங்களில் தூக்கம் சீரானது. அவ்வளவுதான்.

ஆனால் மூலிகையை மட்டும் நம்புகிறவர்களுக்குச் சில செய்திகள். மாலைக்கு மேல் காபி, தேநீர் வேண்டாம். காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் எந்த வேரை விழுங்கி என்ன பயன்? இரண்டாவது, காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், விடுமுறை நாளிலும்தான். இரவு எப்போது படுத்தோம் என்பதைவிட இதுதான் உடலின் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூன்றாவது, மது. மது சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். மதுவும் தூக்க மூலிகையும் சேரவே கூடாது. நான்காவது, படுக்கையில் கைபேசி. இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள், நீங்களும் சிரிப்பீர்கள். பரவாயில்லை.

ராக்கோழி:
சார், நான் ஜாதிக்காயைத் திட்டவில்லை. சிட்டிகை என்றால் எத்தனை கிராம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் ஒரு ராத்திரி முழுக்க மானிட்டர் மாட்டிக்கொண்டு படுத்திருக்க மாட்டார். நீங்களும் இப்போது சொல்லவில்லை.

தைராய்டுக்காரி:
அமுக்கரா என்கிற அசுவகந்தா பற்றி நானும் சொல்லியாக வேண்டும். மூலிகைப்பித்தன் சார் கோபப்படக் கூடாது. நான் தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவள். தூக்கத்துக்காக அசுவகந்தா சேர்த்தேன். தூக்கம் வந்தது, மறுக்கவில்லை. பிறகு படபடப்பு. மாடி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்த டாக்டரின் பேனா டி.எஸ்.எச். வரியில் நின்றது. போன முறையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. தைராய்டு ஹார்மோன் அதிகமானால் டி.எஸ்.எச். குறையுமாம். என் முகத்தைப் பார்க்காமலே "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார். மருந்து எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் சூரண டப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

அசுவகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். மாத்திரையும் சேர்ந்தால் இரட்டிப்பு. ஈரலைப் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023இல் தடையே செய்துவிட்டது.

மூலிகைப்பித்தன்:
ஒரு நாடு தடை செய்தால் மூலிகை விஷமாகிவிடுமா சகோதரி? காலங்காலமாக எடுத்து வருகிறார்கள்.

தைராய்டுக்காரி:
அவர்களில் தைராக்ஸின் மாத்திரையோடு சேர்த்து எடுத்தவர்கள் எத்தனை பேர் சார்?

பச்சைவிளக்கு:
மெலடோனின் மிட்டாய். டப்பா முழுக்கப் பச்சை இலைப் படம், 'இயற்கையானது' என்று பெரிய எழுத்து. மெலடோனின் மூலிகையே இல்லை, ஹார்மோன். 1958இல் மாட்டின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்துக் கண்டுபிடித்தது. இலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ தெரியாது.

மறுநாள் காலை சிக்னலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பச்சை விழுந்தது. விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது, கால் அசையவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். அது யாருக்கோ அடிக்கிறார்கள் என்று நிதானமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே டப்பா குப்பைக்குப் போனது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 25 மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவு தவறு. ஒன்றில் போட்டதைப் போல மூன்றரை மடங்கு. இன்னொன்றில் மெலடோனினே இல்லை.

தும்மல்:
சீமைச் சாமந்தித் (கெமோமில்) தேநீர் யாருக்கும் ஒன்றும் செய்யாது என்பார்கள். எனக்கு முதல் கோப்பை பாதி முடிவதற்குள் உதடு தடித்து, தொண்டை அரிக்கத் தொடங்கியது. சாமந்திக் குடும்பத்து மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பூவாக வந்தாலும் தேநீராக வந்தாலும் ஒன்றுதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேறொன்றும் சொல்வதற்கில்லை, இப்போது சும்மா வெந்நீர் குடிக்கிறேன்.

குறட்டைக்காரர்:
மேலே சொன்ன எல்லாமே நானும் சாப்பிட்டவன்தான் (பூனைக்குப் பங்கு கொடுக்கவில்லை). எதுவும் பலிக்கவில்லை. படுத்ததும் தூங்கிவிடுவேன், காலையில் அடித்துப் போட்டது போல எழுவேன். இன்னும் ஆழமாகத் தூங்க வேண்டும் என்று இன்னொரு வேரைத் தேடுவேன்.

ஒருநாள் என் மனைவி கைபேசியில் எதையோ போட்டு என் காதில் வைத்தார். குறட்டை. நான்தான். அது திடீரென்று நின்றது. பதிவு முடிந்துவிட்டதோ என்று பார்த்தால் நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு நீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் மாதிரி ஒரு இழுப்பு. மீண்டும் குறட்டை. "ராத்திரி முழுக்க இப்படித்தான்" என்றார். தூக்க மூச்சுத்தடை. மூச்சுக்குழாய் அடைத்து அடைத்துத் திறக்கிறது, ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்து என்னை இழுத்துவிடுகிறது. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் கருவி கொடுத்தார்கள். என் தூக்கத்துக்கு வேர் தேவைப்படவில்லை, காற்றுதான் தேவைப்பட்டது.

மூலிகைப்பித்தன் சார், உங்கள் நீண்ட பட்டியலில் குறட்டை இல்லையே?

மூலிகைப்பித்தன்:
ஐந்தாவதாக எழுத இருந்தேன்.

அரைத்தூக்கம்:
எனக்கு மூச்சுத்தடை இல்லை, சோதித்துவிட்டார்கள். வலேரியன், லாவெண்டர் எண்ணெய் எல்லாம் கடந்து கடைசியில் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சைக்குப் போனேன். மருந்தில்லாமல் தூங்கும் பழக்கத்தை மாற்றுவது அது. வலேரியனை நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2017இலேயே சொல்லிவிட்டது. இந்தச் சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இனிமையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். படுக்கையில் இருக்க எனக்குக் கொடுத்தது ஐந்தரை மணி நேரம்தான். நள்ளிரவு தாண்டும்வரை படுக்கக் கூடாது. சோபாவில் தலை தொங்கினால் மகன் வந்து தோளைத் தட்டுவான். வீட்டில் எல்லோரும் தூங்க, நான் மட்டும் நின்றுகொண்டே துணிக்கு இஸ்திரி போட்டேன். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். பாதியில் வெறுத்துப்போய், கூடவே ஏதாவது மூலிகை சாப்பிடலாமா என்று கேட்டேன். "முதலில் படுக்கை நேரத்தைப் பிடியுங்கள்" என்று மட்டும் சொன்னார் சிகிச்சை கொடுத்த அம்மா. பிறகு படுத்தவுடன் தூக்கம் பிடிக்கத் தொடங்கியது. நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள்.

பச்சைவிளக்கு:
ஐந்தரை மணிதானா? அந்த நாட்களில் வண்டி ஓட்டினீர்களா?

அரைத்தூக்கம்:
இல்லை. பகலில் கண் சொருகுவது நிற்கும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த நேரக் குறைப்பு ஒத்துவராது என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.