பில்லி ஜீன் கிங் கோப்பை: இறுதிச் சுற்றை ஒரே ஊருக்குள் அடைத்தது சரியா?

செம்மண்தளம்:
பெண்களுக்கான நாடுகளிடையேயான இந்த டென்னிஸ் அணிப் போட்டி அப்போது ஃபெட் கோப்பை. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் மோதிய இறுதியைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை பிரான்ஸின் கரோலின் கார்சியாவை 6-0, 6-0 என்று நொறுக்கிய ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டி, மறுநாள் மூன்றாவது செட் டை-பிரேக்கில் பிரான்ஸின் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சிடம் தோற்றார். ஆஸ்திரேலியாவின் டொம்லியனோவிச் 2-2 என்று சமன் செய்தார். கடைசி இரட்டையர் ஆட்டத்தில் பிரான்ஸ் கோப்பையைப் பறித்தது. அதுதான் ஃபெட் கோப்பை! பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை, முறை மாறியதில்தான். அப்போது மோதும் இரண்டு நாடுகளில் ஒன்றின் மண்ணில் ஐந்து ஆட்டங்கள். இப்போது எல்லா அணிகளுக்கும் ஒரே ஊர், ஒரு மோதலுக்கு மூன்றே ஆட்டங்கள் (இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர்). 2021 முதல் 2025 வரை ஐந்து இறுதிகளும் 2-0. இரட்டையர் ஜோடிகள் களமிறங்கவே இல்லை.

நடுவர்நாற்காலி:
மரபு போயிற்று என்று அழுபவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1963-இல் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் 16 நாடுகளுடன் தொடங்கியபோதே ஒரே ஊர், மூன்று ஆட்டங்கள்தான். 1994 வரை அப்படியே நடந்தது. நீங்கள் ஏங்கும் ஐந்து ஆட்ட முறை 1995-இல் வந்தது. இந்தக் கோப்பையின் மிக உருக்கமான வாரம் எது? 1986, பிராக். செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறிய மார்ட்டினா நவ்ரத்திலோவா அமெரிக்காவுக்காக ஆடத் திரும்பி வந்தார், பிராக் மக்கள் அவருக்காக ஆரவாரம் செய்தார்கள். அதுவும் ஒரே ஊர் முறைதான்.

செம்மண்தளம்:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்த இறுதியில் எதிரே நின்றது செக்கோஸ்லோவாக்கியா. சொந்த ஊர், சொந்த அணி, சொந்தப் பெண் எதிரணியில்! 2023-இல் ஸ்பெயினின் செவில்லில் என்ன நடந்தது? ஸ்பெயின் குழுச் சுற்றிலேயே வெளியேறியது. இறுதியில் மோதியவை கனடாவும் இத்தாலியும். உள்ளூர்க்காரர் யாருக்காகக் கத்துவார்?

பின்கை:
ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள், நாட்காட்டியை யாரும் தொடவில்லை. 2023-இல் மெக்சிகோவின் கான்குனில் மழையால் தள்ளிப்போன டபிள்யூடிஏ இறுதி (பெண்கள் டென்னிஸின் ஆண்டு இறுதிப் போட்டி) நவம்பர் 6-இல் முடிந்தது. செவில்லில் ஆட்டம் தொடங்கியது 7-இல். கான்குனில் வென்ற ஸ்வியான்டெக் ஏற்கெனவே விலகியிருந்தார். கடலைத் தாண்டி ஒரே இரவில் யார் வருவார்? 2025-இல் சீனாவின் ஷென்ஜெனுக்குச் செப்டம்பரிலேயே மாற்றியது எவ்வளவோ மேல்.

நடுவர்நாற்காலி:
செம்மண்தளம் ஐயா, பெர்த்துக்கே வருகிறேன். பிரான்ஸ் பெற்ற மூன்று புள்ளிகளிலும் மிளாடெனோவிச் இருந்தார்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். ஒருவர் தோளில் ஏறி வென்றால் அது அணிப் போட்டியா? இன்றைய முறையில் ஒற்றையரில் ஒருவருக்கு ஒரு புள்ளிதான், இரண்டாவது வீராங்கனையும் ஆடித்தான் ஆக வேண்டும். செவில் இறுதியில் கனடாவுக்கு முதல் புள்ளி தந்தவர் 18 வயது மரினா ஸ்டாகுசிச், உலகத் தரவரிசையில் 258. பழைய முறையாக இருந்தால் அந்தப் பெண்ணை நம்பி இறக்கியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

செம்மண்தளம்:
ஸ்டாகுசிச்சை ஒப்புக்கொள்கிறேன், அருமையான ஆட்டம். ஆனால் மிளாடெனோவிச்சைத் தோள் என்று சுருக்காதீர்கள். 2016 ஸ்ட்ராஸ்பூர்க்கில், சொந்த மண்ணில், அவர் பிளிஸ்கோவாவிடம் மூன்றாவது செட்டை 14-16 என இழந்தார். கடைசி இரட்டையரிலும் தோல்வி, கோப்பை செக் குடியரசுக்குப் போனது. மூன்று வருடம் கழித்துப் பெர்த்தில் கணக்கைத் தீர்த்தார். 2-0 என்று பிற்பகலுக்குள் முடிகிற இறுதியில் இப்படி ஒரு கதை எங்கே முளைக்கும்?

கோடைமழை:
எல்லாரும் உச்சியையே பார்க்கிறீர்கள். இந்தியா முதன்முறையாக பிளே-ஆஃபுக்கு (மேல் சுற்றுக்குள் நுழைவதற்கான மோதல்) தகுதி பெற்று, 2021-இல் லாட்வியாவின் யூர்மலாவுக்குப் போய் 1-3 எனத் தோற்றது. 2025 நவம்பரில் மூன்று நாடுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் முறையால் ஸ்லோவேனியாவும் நெதர்லாந்தும் பெங்களூருக்கு வந்தன. தோற்றோம்தான். ஆனாலும் நம் பெண்கள் நம் கூட்டத்தின் முன் ஆடினார்கள். ஒரே ஊர் முறைக்கு என் ஓட்டு.

செம்மண்தளம்:
நம் கூட்டத்தின் முன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்!

நடுவர்நாற்காலி:
அவர்கள் நம்மிடம் வந்தால் சொந்த மண். நாம் யூர்மலாவுக்குப் போனால்? ஆடுதளத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களிடம் போய்விடும். அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் ஐயா.