மறு: ஆர்வி பார்க் வாடகை: "பேரம்" என்ற சொல் பொருந்துமா?

நண்பர்களே,

ஆங்கிலப் பயணச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலுக்குச் சேலத்து ஐயா அனுப்பிய வரிகளைப் பார்த்தேன். இரண்டில் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆர்வி பார்க் = முகாம் மைதானம்

முகாம் என்றால் நமக்குக் கண் சிகிச்சை முகாம், மைதானம் என்றால் கிரிக்கெட். அமெரிக்காவில் ஆர்வி என்னும் வீட்டு வண்டிகள் தங்கும் ஆர்வி பார்க்கில் நடப்பது வேறு. வீட்டையே வண்டியாக ஓட்டி வருகிறவர் சாயங்காலம் ஒரு இடத்தில் ஒதுங்குகிறார், தண்ணீர் பிடிக்கிறார், தூங்கிக் காலையில் கிளம்புகிறார். இடத்துக்காரருக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று காசு. மாட்டுவண்டிக் காலத்திலேயே இதற்கு நம்மிடம் சொல் இருந்தது: வண்டிப்பேட்டை. இன்று பல ஊர்களில் அது பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. சும்மா கிடக்கும் சொல்லை எடுத்துப் புழங்கினால் என்ன? லாரிக்காரர்கள் நிற்கும் டிரக் ஸ்டாப் அங்கே தனி, அதற்கு லாரிப்பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்கக் காட்டுக்குள் கூடாரம் அடிக்கும் இடத்துக்கு வேண்டுமானால் முகாம் இருக்கட்டும்.

> நெகோஷியேட் செய்வது = பேரம். இதில் என்ன சந்தேகம்?

சந்தேகம் எனக்கு டெக்சாஸில் வந்தது. நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, பேட்டையில் பாதிக்கு மேல் காலி. பலகையில் ஒரு ராத்திரிக்கு 52 டாலர் என்று போட்டிருந்தது. நான் நம்மூர்ப் பழக்கத்தில் "முப்பது" என்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் கோபப்படவில்லை, பலகையைக் காட்டினார். திரும்பிப் போவதுபோல் இரண்டு அடி நடந்தேன். கூப்பிடவில்லை! அந்த அம்மாள் குறுக்கெழுத்தில் மூழ்கிவிட்டார்.

வெட்கத்தோடு திரும்பி, "வேறு ஏதாவது விலை உண்டா?" என்று கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. கரண்ட் ஐம்பது ஆம்பியர் வேண்டுமா, முப்பது போதுமா? கழிவறைத் தொட்டிக்கு இடத்திலேயே கழிவுக் குழாய் வேண்டுமா, நாளை போகும்போது பொதுக் குழியில் கொட்டிக்கொள்வீர்களா? நேராக ஓட்டிப்போய் நிறுத்தும் இடமா, பின்னால் எடுத்து நிறுத்தும் இடமா? ஒவ்வொன்றுக்கும் ஆறு டாலர், நான்கு டாலர் என்று இறங்கி, 38-க்கு வந்து நின்றது. என் வாடகை வண்டியின் பிளக் முப்பது ஆம்பியர்தான். ஒரு ஏசி, ஒரு மைக்ரோவேவ், அதற்கு 3,600 வாட் தாராளம். இரண்டு ஏசி ஓடும் பெரிய வண்டிக்குத்தான் 12,000 வாட் தரும் ஐம்பது ஆம்பியர் தேவை. கேட்காமல் இருந்திருந்தால், செருகவே முடியாத ஒரு துளைக்குக் காசு கட்டியிருப்பேன்.

ஆக, அங்கே விலையை யாரும் அடித்துக் குறைப்பதில்லை. விலைக்குள் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறார்கள். அந்தக் காலி இடம் இன்று போனால் போனதுதான், நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அதனால் பேட்டைக்காரருக்கும் இறங்கிவர மனசு உண்டு. ஆனால் இறங்குவதற்கு ஒரு காரணத்தை நாம் கொடுக்க வேண்டும். ஏழு ராத்திரி தங்கி ஆறுக்குக் காசு கொடுப்பது, மாத வாடகை பேசிக் கரண்டுக்கு மீட்டர்படி தனியாகக் கட்டுவது எல்லாமே இந்த வகைதான். பேரம் என்ற சொல்லில் இது அடங்காது.

என் முன்மொழிவு: போட்டிருக்கும் விலைக்குப் "பலகை விலை", கேட்டுப் பேசி வாங்குவதற்குப் "பேச்சு விலை".

ஆர்வி பயணிகளின் சங்க அட்டைகளை இதில் சேர்க்கக் கூடாது. குட் சாம் சங்க அட்டைக்கும் கேஓஏ என்ற பேட்டை நிறுவனத்தின் அட்டைக்கும் பத்து சதவீதம் குறையும், பாஸ்போர்ட் அமெரிக்கா என்ற சங்கத்தின் அட்டைக்கு அதில் சேர்ந்த பேட்டைகளில் பாதி விலை (வார இறுதி, சீசன் என்று விலக்குகள் உண்டு). இதெல்லாம் அட்டையை நீட்டினால் கிடைப்பது, வாயைத் திறக்கவே வேண்டாம். 62 வயது ஆனவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் சீனியர் பாஸும் அப்படியே. 80 டாலருக்கு ஆயுளுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டால் பல கூட்டாட்சி அரசு முகாம்களில் இடக் கட்டணம் பாதி. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் அது. விசிட்டர் விசாவில் வந்த அப்பாவைக் கவுண்டரில் முன்னால் நிறுத்திப் பிரயோசனம் இல்லை. அந்த முகாம்களில் பேச்சு விலையும் கிடையாது, காவலுக்கு இருக்கும் தன்னார்வலருக்கு ஒரு டாலர் குறைக்கவும் அதிகாரம் இல்லை.

ஹூஸ்டனிலிருந்து,
க.

---

தம்பிக்கு,

வண்டிப்பேட்டை நல்ல சொல், எனக்குச் சம்மதம். ஆனால் டிஸ்கவுண்டுக்கு என்ன எழுதப்போகிறீர்கள்? யாழ்ப்பாணத்தில் நாங்கள் விலைக்கழிவு என்றுதான் எழுதுவோம். அதைப் பட்டியலில் சேருங்கோ.

மற்றது, தண்ணீர், கரண்ட், கழிவு என்று இணைப்பு ஒன்றும் இல்லாமல் காட்டிலே நிறுத்துவதை பூண்டாக்கிங் என்கிறார்களே, அதற்குச் "சேற்றுத்துறை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டாக் என்றதும் கப்பல் துறைக்குப் போய்விட்டார் போலும். அந்தச் சொல்லின் வேர் பிலிப்பைன்ஸில். தகலோக் மொழியில் பூண்டோக் என்றால் மலை. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்தது. ஆகவே காட்டுத்தங்கல் என்றால் போதும்.

---

அக்கா,

காட்டுத்தங்கல் அருமை, அப்படியே ஏற்றிவிடுகிறேன். அரசு நிலத்தில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கும் வகைக்கும் அது பொருந்தும்.

விலைக்கழிவில்தான் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் கழிவு என்ற சொல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் பாதிப் பேச்சு கழிவறைத் தொட்டியைப் பற்றியது. "கழிவு இணைப்பைக் கழித்தால் விலைக்கழிவு கிடைக்கும்" என்று எழுதினால் படிக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். இங்கே மட்டும் தள்ளுபடி என்று வைத்து, பக்கத்தில் உங்கள் சொல்லையும் ஈழ வழக்கு என்று குறித்துவிடுகிறேன். சரிதானே?

பேட்டைக்குள் ஒரு வண்டி நிற்கும் இடத்துக்கு ஐயா சொன்ன "மனை" எனக்கு இன்னும் உறுத்துகிறது. மனை என்றால் பட்டா, பத்திரம் என்று மனசு போகிறது. ஆட்டுக்கிடை போடுவோமே, அந்தக் "கிடை" எப்படி? ஒரு ராத்திரிக்கு ஒரு நிலத்தில் தங்கிப் போவதுதானே கிடை. வித்தியாசம் ஒன்றுதான்: கிடை போட்டால் எருவுக்காக நிலத்துக்காரர் நமக்குக் காசு கொடுப்பார், டெக்சாஸில் நாம் இறக்கிவிட்டுப் போவதற்கும் நாமே கொடுக்க வேண்டும்.

வண்டிக்கிடை, முழு இணைப்புக் கிடை, வெறுங்கிடை. ஐயா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பட்டியலை மூடுகிறேன்.

க.